டைமிங் பெல்ட்: குறி பொருந்தினால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

டீசல் இன்ஜின் டைமிங் பெல்ட் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டீசல் பம்ப் ஆகியவற்றை ஒத்துச் சுற்றவைக்கும் பல் பெல்ட் இது; அவற்றின் முனையிலுள்ள பல்சக்கரம்தான் ஸ்பிராக்கெட். டார்க் அளவு (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை), லாக் பின்னின் (ஸ்பிராக்கெட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் கம்பி) தடிமன், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிவைக்கும் உருளை) முள் நிற்க வேண்டிய இடம் ஆகிய மூன்றும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அவற்றை உங்கள் இன்ஜின் எண்ணுக்குரிய சர்வீஸ் மேனுவலில் பார்த்து எடுங்கள். ஒரே மாடல் வண்டியில்கூட ஆண்டைப் பொறுத்து இரண்டு வித டென்ஷனர் வந்திருக்கலாம்.

கேள்வி: ரோட்டரி பம்ப் (டீசலை அழுத்தி, தெளிக்கும் நேரத்தையும் தானே தீர்மானிக்கும் பம்ப்) உள்ள பழைய டீசல் கார். பெல்ட் மாற்றியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வருகிறது. சூடானதும் புகை நின்றுவிடுகிறது, ஆனால் இழுவை முன்புபோல் இல்லை. "குறியெல்லாம் கரெக்டாகத்தான் வைத்தேன்" என்கிறார் மெக்கானிக். ஒரு பல் மாறியிருக்குமா?

பதில்: முழுதாக ஒரு பல் மாறியிருக்க வாய்ப்பு குறைவு. கிராங்க் ஸ்பிராக்கெட்டில் 24 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்லுக்குக் கிராங்க் 15 டிகிரி திரும்பும். கேமும் பம்பும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அவற்றுக்கு 48 பல். அங்கே ஒரு பல் 7.5 டிகிரி, கிராங்க் கணக்கில் அதுவும் 15 டிகிரிதான். பம்ப் 15 டிகிரி பிந்திவிட்டால் டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடு. 15 டிகிரி முந்திவிட்டால் காது கூசும் அளவுக்குத் தட்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், டீசல் தெளிப்பது சில டிகிரி மட்டும் பிந்தியிருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கியபின் தெளிக்கப்படும் டீசல், சிலிண்டர் குளிர்ந்திருக்கும்போது முழுதாக எரியாமல் ஆவியாகவே வெளியேறும். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை அதுதான்.

குறியெல்லாம் பொருந்தியும் இது எப்படி நடக்கும்? பெல்ட்டுக்கு இழுபடும் பக்கம், தொய்வுப் பக்கம் என்று இரண்டு உண்டு. கிராங்க் எந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்கிறதோ அது இழுபடும் பக்கம். டென்ஷனர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். பெல்ட் மாட்டும்போது இழுபடும் பக்கத்தில் அரைப் பல் அளவு தொய்வு தங்கிவிட்டாலும் அந்த நேரத்தில் குறிகள் பொருந்தியதுபோலத்தான் தெரியும். கிராங்கைத் திருப்பியதும் அந்தத் தொய்வு எடுபடும், பம்பும் கேமும் அதற்கேற்பப் பின்தங்கும். இரண்டு முழுச் சுற்று கையால் திருப்பிவிட்டு மறுபடி குறி பார்த்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, ரோட்டரி பம்பில் ஸ்பிராக்கெட் குறி தோராயமான இடத்தை மட்டுமே காட்டும். பம்ப் உடலைப் பிடித்திருக்கும் போல்ட் துளைகள் நீள்துளைகள். பம்பைச் சற்றே முன்பின் திருப்பி நுணுக்கமாக டைமிங் வைப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். புதுப் பெல்ட் போட்டால் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகோல்) வைத்து ஸ்டாட்டிக் டைமிங், அதாவது இன்ஜின் ஓடாதபோது எடுக்கும் பம்ப் டைமிங், பார்ப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது. பல இடங்களில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பார்க்கும் முறை இதுதான். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். கோல்ட் ஸ்டார்ட் லிவர் இருந்தால் அது வேலை செய்யாத நிலையில் இருக்கட்டும்; மறந்தால் அளவு முழுதும் தப்பாகிவிடும். பம்பின் பின்புறம், இன்ஜெக்டர் பைப்புகள் கிளம்பும் இடத்தின் நடுவில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி அடாப்டர் திருகி, டயல் கேஜைச் சுமார் 2 மி.மீ. அழுத்தத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை முதல் சிலிண்டரின் டி.டி.சி.யிலிருந்து, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்திலிருந்து, மெதுவாகப் பின்பக்கம் திருப்பினால் முள் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். பம்பின் பிளஞ்சர் அடிமட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே டயலைப் பூஜ்யம் வையுங்கள். பிறகு முன்பக்கம் திருப்பி டி.டி.சி.க்குக் கொண்டுவந்து அளவைப் படியுங்கள். பல இன்ஜின்களில் இது 1 மி.மீ.க்குச் சற்று முன்பின்னாக இருக்கும்; சரியான எண் மேனுவலில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை கொடுக்கப்பட்டிருக்கும். அதைவிடக் குறைவாக இருந்தால் டைமிங் பிந்தியிருக்கிறது. பைப் நட்டுகளையும் பம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகப் பம்ப் உடலைத் திருப்பினால் அளவு ஏறும். இறுக்கியபின் இன்னொரு முறை முதலிலிருந்து அளந்து பாருங்கள், ஏனெனில் போல்ட் இறுக்கும்போதே பம்ப் கொஞ்சம் நகரும்.

இன்ஜினைப் பின்பக்கம் திருப்பக் கூடாது என்ற பொதுவிதிக்கு இந்த அளவெடுப்பு ஒரு விலக்கு. அதையும் டென்ஷனரை முழுதாக இறுக்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

டைமிங்கில் கைவைக்குமுன் குளோ பிளக் (குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவும் பாகம்) வயரை வேலைக்காகக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினார்களா, டீசல் லைனில் காற்று ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் இந்த இரண்டும் காலை நேரத் தொல்லையைத்தான் விளக்கும். சூடானபின்னும் இழுவை குறைந்திருப்பது பம்ப் டைமிங்கைத்தான் காட்டுகிறது.

கேள்வி: காமன் ரெயில் இன்ஜினிலும் இப்படிப் பம்ப் டைமிங் வைக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். அங்கே பம்பின் வேலை அழுத்தம் உண்டாக்குவது மட்டுமே. எப்போது தெளிப்பது என்பதைக் கிராங்க், கேம் சென்சார்களைப் பார்த்து ஈ.சி.யூ. (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) முடிவு செய்கிறது. ஆனாலும் சில இன்ஜின்களில் பம்ப் அழுத்தும் கணமும் பெல்ட்டின் மேல் விழும் பாரமும் ஒத்துப்போவதற்காகப் பம்ப் ஸ்பிராக்கெட்டுக்கும் லாக் பின் கொடுத்திருப்பார்கள். பின் துளை இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். கேம் ஒரு பல் மாறினால் இந்த வகை இன்ஜின் பெரும்பாலும் தானே சொல்லிவிடும்: இரண்டு சென்சார் சிக்னலும் ஒத்துவரவில்லை என்று பி0016 கோடு விழும். பெல்ட் மாற்றியபின் இந்தக் கோடு வந்தால் சென்சார் வாங்கப் போகாதீர்கள். கவரைக் கழற்றி லாக் பின் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: முதல் முறையாக நானே பெல்ட் மாற்றப் போகிறேன். டூல் செட் இருக்கிறது, மேனுவல் இருக்கிறது. வரிசையாகச் சொல்லி, எங்கே தப்பு நடக்கும் என்பதையும் சொல்ல முடியுமா?

பதில்: இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அலுமினியம் விரிந்திருக்கும். அப்போது வைத்த இறுக்கம் ஆறியதும் மாறிவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெரும்பாலான முன்சக்கர இழுவை வண்டிகளில் டைமிங் பக்கத்து இன்ஜின் மவுன்ட்டை எடுத்தால்தான் கவர் வரும். அதற்குமுன் சம்ப்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கீழே தடித்த மரக்கட்டை வைத்து ஜாக்கில் தாங்குங்கள். ஜாக்கின் தலை நேரடியாகச் சம்ப்பில் பட்டால் தகடு உள்ளே அமுங்கி ஆயில் சக்ஷனை அடைக்கும்.

அடுத்து கிராங்க் போல்ட். இதில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கேமையும் கிராங்கையும் லாக் பின்னால் பூட்டிவிட்டு, அந்தப் பின்னை நம்பியே கிராங்க் போல்ட்டைக் கழற்ற முயல்வார்கள். பின் வளையும், அல்லது பின் துளை இருக்கும் வார்ப்பே விரிசல் விடும். பின் இருப்பது இடத்தைக் காட்ட மட்டுமே. விசையைத் தாங்க அதற்குத் திராணி கிடையாது. போல்ட் கழற்றவும் இறுக்கவும் புல்லியையோ ஃபிளைவீலையோ பிடிக்கும் தனி டூல் வேண்டும். கேம் ஸ்பிராக்கெட் போல்ட்டுக்கும் இதே விதிதான்.

புல்லி வந்தபின் இன்ஜினை அது இயல்பாகச் சுற்றும் திசையில் (பெரும்பாலும் முன்னிருந்து பார்க்கக் கடிகார முள் திசை) திருப்பி டி.டி.சி.க்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் இரண்டு சுற்றில் இரண்டு முறை உச்சிக்கு வரும்; கேம் குறி அதில் ஒருமுறைதான் பொருந்தும். கிராங்க் பொருந்தி கேம் குறி நேர் எதிரே நின்றால் இன்னொரு முழுச் சுற்று திருப்புங்கள். டி.டி.சி.யைத் தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுக்காமல் இரண்டு சுற்று முன்னால் சுற்றி வாருங்கள். பின்கள் கை விசையிலேயே உள்ளே போக வேண்டும். தட்டித்தான் போகிறது என்றால் இடம் சரியில்லை.

பழைய பெல்ட் இன்னும் மாட்டியிருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குறிகள் ஏற்கெனவே தப்பாக இருந்தால் அதுவும் அந்த நேரத்தில்தான் தெரியும். பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். பெல்ட் இல்லாமல் கேமையோ கிராங்கையோ தனித்தனியாகத் திருப்பாதீர்கள். டீசலில் கம்ப்ரஷன் விகிதம் சுமார் 16 முதல் 22 வரை. அதற்காகப் பிஸ்டன் கிட்டத்தட்ட ஹெட் முகம் வரை ஏறும். திறந்திருக்கும் வால்வுக்கு அங்கே இடம் கிடையாது.

புது டென்ஷனரைப் பொருத்தும்போது அதன் முதுகைக் கவனியுங்கள். பல டென்ஷனர்களின் பின்தகட்டில் சிறிய நாக்கு ஒன்று இருக்கும். அது பிளாக்கில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராமல் ஓரத்தில் ஏறி நின்றாலும் நட் இறுகிவிடும், முள்ளும் சரியான இடத்தைக் காட்டும், வண்டியும் ஓடும். ஆனால் டென்ஷனர் சாய்ந்திருப்பதால் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் அறுந்துவிடும். கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அந்த நாக்கைக் கண்ணால் பாருங்கள். விரலால் தடவிப் பார்த்தது போதும் என்று விடாதீர்கள்.

புதுப் பெல்ட்டை உள்வெளியாகத் திருப்பவோ, மடிக்கவோ, ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை நூல். ஒரு முறை கூர்மையாக மடிந்தாலே நூல் உடையும், வெளியே ரப்பரில் எதுவும் தெரியாது. கிராங்கில் தொடங்கி இழுபடும் பக்கத்தை இறுக்கமாகப் பிடித்தபடி, மேனுவல் காட்டும் வரிசையில் ஒவ்வொரு ஸ்பிராக்கெட்டாக ஏற்றிக்கொண்டே போங்கள். மிச்சத் தொய்வு முழுதும் டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும்.

சில இன்ஜின்களில் கேம் ஸ்பிராக்கெட்டுக்குச் சாவி (ஷாஃப்ட்டோடு அதைப் பூட்டும் சிறு உலோகத் துண்டு) கிடையாது. கூம்பு வடிவ முனையில் உராய்வால் மட்டுமே பிடித்திருக்கும். வேறு சிலவற்றில் ஸ்பிராக்கெட் போல்ட்டுகள் நீள்துளையில் இருக்கும். இவற்றில் கேம் ஷாஃப்ட்டைப் பூட்டிவிட்டு, ஸ்பிராக்கெட்டைச் சுதந்திரமாகச் சுழலும்படி தளர்த்தி, பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை வைத்தபின்தான் ஸ்பிராக்கெட் போல்ட்டை இறுக்க வேண்டும். ஸ்பிராக்கெட்டைத் தளர்த்தாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் ஷாஃப்ட் ஒன்றிரண்டு டிகிரி பிந்தியே நிற்கும்.

டென்ஷனர் முள்ளைச் சரியான இடத்தில் வைத்து நட்டை இறுக்குங்கள். நட் இறுகும்போது முள் கூடவே நகரும், பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பின்னையும் எடுத்துவிட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று. கேம் ஒரு முழுச் சுற்று முடிக்கக் கிராங்க் இரண்டு சுற்ற வேண்டும் என்பதால்தான் இந்த எண்ணிக்கை. நடுவில் எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். கம்ப்ரஷன் என்றால் விசை கொடுக்கக் கொடுக்க மெதுவாக விட்டுக்கொடுக்கும், வால்வு முட்டினால் விடவே விடாது. இரண்டு சுற்று முடிந்ததும் பின்களை மறுபடி போடுங்கள், முள்ளை மறுபடி பாருங்கள். ஒரு பின்னாவது போகவில்லை என்றால் பெல்ட்டை எடுத்துத் திரும்ப மாட்டுவதுதான் வழி. "கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்று சாவியைப் போடக் கூடாது.

கேள்வி: புதுப் பெல்ட்டில் வெள்ளைக் கோடுகள் அச்சிட்டிருந்தன. மாட்டும்போது மூன்றும் பொருந்தின. இரண்டு சுற்று திருப்பியபின் கோடுகள் எங்கோ போய்விட்டன. தப்பா?

பதில்: தப்பில்லை. அந்தக் கோடுகள் மாட்டும் நேரத்துக்கு மட்டும். பெல்ட்டில் 141 பல், கிராங்கில் 24, கேமில் 48 என்றால் கோடுகள் மறுபடி ஒன்றாகப் பொருந்தக் கிராங்க் 94 முறை சுற்ற வேண்டும். இரண்டு சுற்றுக்குப்பின் பார்க்க வேண்டியவை ஸ்பிராக்கெட் குறிகளும் பின் துளைகளும்தான்.

கேள்வி: கிராங்க் புல்லியில் இருக்கும் வெட்டுக் குறியை வைத்தே டி.டி.சி. பார்க்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பாதீர்கள். பல புல்லிகள் உள்வளையம், வெளிவளையம், நடுவே ரப்பர் என்று செய்தவை. ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் நழுவிச் சுற்றும், அதிலுள்ள குறியும் கூடவே நகரும். ஃபிளைவீல் குறி, கிராங்க் ஸ்பிராக்கெட் குறி, கிராங்க் பின் இவற்றில் உங்கள் இன்ஜினுக்கு எது உண்டோ அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பெல்ட் மட்டும் மாற்றினால் போதாதா? ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), வாட்டர் பம்ப் எல்லாம் நன்றாகத்தானே சுற்றுகின்றன?

பதில்: பெல்ட் தானாகத் தேய்ந்து அறுவதைவிட, அதோடு சுற்றும் ஏதோ ஒன்று கெட்டு அதை அறுப்பது சாதாரணம். ஐட்லர் பேரிங்கின் கிரீஸ் வற்றிச் சூடேறினால் ரப்பர் கருகும். வாட்டர் பம்ப் பேரிங் ஆடினால் பெல்ட் ஓரத்துக்கு ஒதுங்கும். இவையும் பெல்ட்டின் வயதுதான். அடுத்த பெல்ட்டின் ஆயுள் முழுதும் தாங்கும் என்று இன்று கையால் சுற்றிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பெல்ட், டென்ஷனர், எல்லா ஐட்லர்களும், டைமிங் பெல்ட்டால் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்பும் கூலன்ட்டும். இறுக்கும்போது நீளும்படி செய்த போல்ட்டுகள் (டார்க் அளவோடு "மேலும் 90 டிகிரி" என்பதுபோல் கோணமும் போட்டிருக்கும்) மேனுவல் சொல்லும் இடத்தில் புதிதாக வேண்டும்.

கேம், கிராங்க் முன்பக்க ஆயில் சீல்களில் ஈரக்கசிவு தெரிந்தால் இப்போதே மாற்றுங்கள். ஆயில் ரப்பரை ஊறவைத்துப் பற்களின் அடியை இளக்கிவிடும். பவுடர் உலோகத்தை அழுத்திச் செய்த ஸ்பிராக்கெட்டுகள் நுண்துளைகளில் ஆயிலைக் குடித்துவைத்திருக்கும். துணியால் துடைத்தால் பளிச்சென்று தெரியும், ஓடிச் சூடானதும் புதுப் பெல்ட்டில் ஆயிலைக் கக்கும். அவற்றைச் சால்வென்ட்டில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தே மாட்ட வேண்டும். கிளீனர் ஸ்ப்ரேயைப் பெல்ட்டின் மேல் அடிக்காதீர்கள்.

கேள்வி: ஓடும்போது பெல்ட் அறுந்து இன்ஜின் நின்றுவிட்டது. புதுப் பெல்ட் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வால்வு கவரைத் திறந்து ராக்கர்களை (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கைகள்) ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில இன்ஜின்களில் வால்வு வளைவதற்குமுன் ராக்கர் உடைந்துவிடும். உடைந்த துண்டு ஹெட்டிலேயே கிடக்கும். அத்தனையையும் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து வைத்து, எதுவும் விடுபடவில்லை என்று பாருங்கள்.

சேதம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், கிராங்கைக் கையால் மெதுவாக டி.டி.சி.க்கு 90 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அந்த இடத்தில் நான்கு பிஸ்டனும் துளையின் நடுவாட்டில் இருக்கும், எந்த வால்வும் முட்டாது. அங்கே வைத்துக் கேமைத் திருப்பி லாக் பின் போட்டுவிட்டு, பிறகு கிராங்கை டி.டி.சி.க்குக் கொண்டுவாருங்கள். ஏதாவது ஒரு பெல்ட்டைத் தற்காலிகமாக மாட்டிக் கையால் இரண்டு சுற்று. தடங்கல் இல்லை என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றழுத்தக் கசிவு சோதனை செய்யுங்கள். காற்று இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு வளைந்திருக்கிறது, சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஒரு வால்வு வளைந்தது உறுதியானாலே ஹெட்டை இறக்கியாக வேண்டும். இறக்கினால் எல்லா வால்வு கைடுகளையும் சோதியுங்கள், வளைந்த வால்வு கைடையும் கீறியிருக்கும்.

கேள்வி: மாற்றியபின் வேகம் ஏற ஏற ஊளைச் சத்தம் வருகிறது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: சரியாகாது. ஊளை என்றால் இறுக்கம் அதிகம். அப்படியே ஓட்டினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஐட்லரும் சீக்கிரம் போகும். கவரில் படபடவென அடிக்கும் சத்தம் என்றால் இறுக்கம் குறைவு. பல் தாவும் அபாயம். நீளமான பகுதியை இரண்டு விரலால் 90 டிகிரி முறுக்கிப் பார்ப்பது கையால் இறுக்கம் வைக்கும் பழைய டென்ஷனர்களுக்கான முறை. ஸ்பிரிங் உள்ள தானியங்கி டென்ஷனரில் அப்படிப் பார்த்து இறுக்கினால் இதே ஊளைதான் வரும். இன்ஜினை ஆறவிட்டு முள்ளைப் பாருங்கள்.

கேள்வி: பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. கிலோமீட்டரும் பாதிதான் ஆகியிருக்கிறது. ஆனால் மேனுவலில் சொன்ன ஆண்டு முடிந்துவிட்டது. காத்திருக்கலாமா?

பதில்: மாற்றிவிடுங்கள். கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. இன்றைய பெல்ட் ரப்பர் முன்புபோல் வெடித்து எச்சரிப்பதில்லை. நூலும் பல்லின் அடியும் தளர்ந்துபோயிருக்கும், முதுகு வழவழப்பாகவே இருக்கும். செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி டைமிங் கவரிலேயே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: என் இன்ஜினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறதாம். ஆயில் பட்டால் கெடும் என்கிறீர்களே?

பதில்: அது அதற்கென்றே செய்த வேறு ரப்பர். ஆனால் மேனுவல் குறிப்பிடும் தர எண் கொண்ட ஆயிலுக்கு மட்டுமே அது தாங்கும். பாகுத்தன்மை கிரேடு ஒன்றாக இருந்தாலும் தர எண் வேறென்றால் ரப்பர் உப்பிப் பொடியாக உதிரும். அந்தப் பொடி சம்ப்பிலுள்ள வடிகட்டியை அடைத்து ஆயில் பிரஷரைக் குறைக்கும். ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டினாலும் இதே கதிதான். இந்த வகையில் பெல்ட் மாற்றும்போது சம்ப்பையும் இறக்கி வடிகட்டியைக் கழுவுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு ஒரு முறை மின்னி மறைந்தாலும் பெல்ட்டைச் சோதிக்க வேண்டும். சில இன்ஜின்களில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தாலே பெல்ட்டின் முதுகு தெரியும். வெடிப்பும் உப்பலும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம்.